12 வோல்ட் ஃபிரிட்ஜும் ஒரு குட்டி டிஜிட்டல் பெட்டியும்: படகில் பழகிய டெக்னிக் செம்மேட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டில் ஒரு ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் போனால், உதிரிபாகமும் மெக்கானிக்கும் பெரும்பாலும் கீழே இருந்துதான் ஏறி வரணும். நடுக்கடலில் இருக்கும் படகுக்கும் இதே கதைதான். பேட்டரியில் ஓடும் படகு ஃபிரிட்ஜைப் பற்றித் தெரிந்துகொள்வது, சோலாரும் பேட்டரியும் வைத்திருக்கும் மலைவீட்டுக்கு அப்படியே உதவும்.

(கொல்லிமலையில் படகுன்னா வாசலூர்பட்டி படகு இல்லம்தானே, அதுல எதுக்கு ஃபிரிட்ஜ்னு கேக்காதீங்க. நாம பேசப்போறது கடல்ல நாள்கணக்கா போற படகு.)

அந்தப் படகுகளிலும், பல சோலார் ஃபிரிட்ஜ்களிலும் இருப்பது 12 அல்லது 24 வோல்ட்டில் நேரடியாக ஓடும் சின்ன கம்ப்ரஸர். டான்ஃபாஸ் நிறுவனத்தின் பிடி35 ரகம் இதில் ரொம்பப் பிரபலம். 2010-க்குப் பிறகு செகாப் என்ற பெயரில் வருகிறது. இதனுடன் வரும் பழைய பாணி தெர்மோஸ்டாட்டில் 1 முதல் 7 வரை எண் இருக்கும். '4'-ல் வைத்தால் 4 டிகிரி என்று பலர் நினைக்கிறார்கள். அது டிகிரியே கிடையாது, குளிரின் அளவுக்கு ஒரு குத்துமதிப்பு மட்டும்தான்.

அதற்குப் பதிலாகத்தான் டிஜிட்டல் கன்ட்ரோலர். எஸ்டிசி-1000, டபிள்யூ1209 என்ற பெயர்களில் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. முட்டை பொரிக்கும் இன்குபேட்டரை 37.5 டிகிரியில் வைத்திருப்பதும் இதே மாதிரிப் பெட்டிதான். அங்கே சூடாக்கும், இங்கே குளிராக்கும்.

எப்படி வேலை செய்யுது?

ஒயர் நுனியில் ஒரு சென்சார். அதன் மின்தடை வெப்பத்துக்கு ஏற்ப மாறும். பெட்டி அதைப் படித்து, உள்ளே இருக்கும் ரிலேயை 'டிக்' என்று மூடும், திறக்கும். அவ்வளவுதான். குளிரை உண்டாக்குவது கம்ப்ரஸர், எப்போது ஓடணும்னு முடிவு செய்வது மட்டும் இந்தப் பெட்டி.

அதனால் நாம் போடும் மூன்று எண்கள்தான் முக்கியம். எஸ்டிசி-1000-ல் எஃப்1 என்பது நிற்க வேண்டிய வெப்பநிலை. எஃப்2 என்பது எவ்வளவு டிகிரி ஏறினால் மறுபடி ஓடணும் என்பது. எஃப்1-ஐ 4, எஃப்2-ஐ 2 என்று வைத்தால் 6 டிகிரியில் ஓட ஆரம்பித்து 4-ல் நிற்கும்.

எஃப்3-ஐத்தான் பலர் கவனிப்பதில்லை. கம்ப்ரஸர் நின்றதும் எத்தனை நிமிடம் கழித்து மறுபடி ஓடலாம் என்பதை அது சொல்கிறது. நின்றவுடன் குழாய்களின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் திரும்ப ஓட்டினால் மோட்டார் சுழல முடியாமல் திணறும். எனவே 3 நிமிடத்துக்குக் குறைக்க வேண்டாம். எஃப்2-வை 0.5 டிகிரி என்று இறுக்கிப் பிடிப்பதும் தேவையில்லை. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் கம்ப்ரஸர் ஓடி நின்று ஓடும்.

ஒயரை எங்கே இணைப்பது? பிடி35-ல் கன்ட்ரோல் யூனிட்டில் 'சி', 'டி' என்ற இரண்டு முனைகள் உள்ளன. பழைய தெர்மோஸ்டாட் நின்ற இடத்தில் ரிலே போகும். அந்த வழியில் ஓடுவது சில மில்லி ஆம்பியர்தான், கம்ப்ரஸரின் முழு கரன்ட் அல்ல. அந்த இணைப்பில் ஏற்கெனவே ரெசிஸ்டர் இருந்தால் கழற்றி எறியாதீர்கள், கம்ப்ரஸரின் வேகத்தை அதுதான் நிர்ணயிக்கிறது. பெட்டி வாங்கும்போது 12 வோல்ட் மாடலா, 220 வோல்ட் மாடலா என்று பார்த்து வாங்குங்கள். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

சென்சார் எங்கே?

பழைய தெர்மோஸ்டாட் குளிர்தட்டின் மேலேயே ஒட்டி அளக்கும். அங்கே பூஜ்ஜியத்துக்கும் கீழேதான் இருக்கும். டிஜிட்டல் சென்சாரை அதே இடத்தில் வைத்து 4 டிகிரி போட்டால் பால் புளித்துவிடும். சாமான்கள் இருக்கும் உயரத்தில், தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். காற்றை மட்டும் அளந்தால் அலைபாயும். ஒரு சின்ன தண்ணீர் பாட்டிலில் ஒட்டினால் நிதானம் வரும்.

இன்சுலின் வைப்பவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரைதான். உறைந்த இன்சுலினை மறுபடி இளக வைத்தாலும் பயன்படுத்தக் கூடாது. பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசிகளும் உறைந்தால் வீண். 2015-ல் தொடங்கிய இவின் திட்டத்தில் தடுப்பூசி ஃபிரிட்ஜ்களின் வெப்பநிலையை டிஜிட்டல் கருவிகள் தொடர்ந்து பதிவு செய்வது இதனால்தான். வீட்டில் அவ்வளவு வேண்டாம். அதிகபட்சம், குறைந்தபட்சம் காட்டும் தனித் தெர்மாமீட்டர் ஒன்று போதும். கன்ட்ரோலர் சொல்வதை மட்டும் நம்பாமல் இரண்டு நாள் அதைப் பாருங்கள்.

பேட்டரி கணக்கு

இப்படிப்பட்ட கம்ப்ரஸர் ஓடும்போது தோராயமாக 4 ஆம்பியர் இழுக்கிறது, நாளில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 48 ஆம்பியர்-மணி ஆச்சு. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் தாராளமாக எடுக்கலாம் என்பதால், வெயில் இல்லாத ஒரே நாளில் கதை முடியும். 2 டிகிரிக்குப் பதில் 4 டிகிரியில் நிற்க வைத்தால் ஓடும் நேரம் குறையும், அதுதான் இந்தப் பெட்டியின் உண்மையான லாபம். பிடி35-ன் வழக்கமான பாதுகாப்பு 12 வோல்ட் பேட்டரியில் 10.4 வோல்ட்டுக்கு இறங்கினால்தான் கம்ப்ரஸரை நிறுத்தும். லெட் ஆசிட் பேட்டரி அப்போது ஏறக்குறைய காலி. அந்த அளவை உயர்த்தி வைப்பது நல்லது. மெல்லிய ஒயர் போட்டால் வழியிலேயே வோல்டேஜ் குறையும், அப்போது நல்ல பேட்டரி இருந்தும் ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடும்.

சரி, வீட்டில் இருக்கும் சாதாரண 230 வோல்ட் ஃபிரிட்ஜுக்குப் போடலாமா? பழைய ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் என்றால், வாரன்ட்டி போனாலும் பரவாயில்லை என்றால், எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யலாம். ஃபிராஸ்ட் ஃப்ரீயும் இன்வெர்ட்டர் மாடலும் வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து மின்சாரத்தை வெட்டினால் அதன் ஃபேன், டீஃப்ராஸ்ட் எல்லாம் குழம்பும்.

செம்மேட்டுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. மார்கழி, தை இரவில் அறையே நன்றாகக் குளிர்ந்து கிடக்கும்போது, கீழ்த்தட்டு மிக மெதுவாகத்தான் சூடேறும். கம்ப்ரஸர் ஓட வேண்டிய அவசியம் குறைவாகத்தான் வரும். விளைவு, மேலே ஃபிரீசரில் இருக்கும் மீனும் ஐஸும் இளகத் தொடங்கலாம். அந்த மாதங்களில் ஃபிரீசர் உள்ள ஃபிரிட்ஜுக்கு எஃப்1-ஐ ஒன்றிரண்டு டிகிரி குறைத்து வைத்துப் பார்க்கலாம். ஆனால் இன்சுலின் உள்ளே இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள், மீனை முதலில் சமைத்துவிடுங்கள்.