கரை டிசைனுக்கு ஒரு சப்வெர்ஷன் சர்வர்

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவையின் கரையும் முந்தியும் இன்னிக்குப் பல இடங்களில் கம்ப்யூட்டரில்தான் வரையப்படுது. கிராப் தாளில் கட்டம் கட்டமா நிரப்பின அதே வேலைதான், பிஎம்பி ஃபைலா மாறியிருக்கு. ஒரு கட்டம்னா பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கிற ஒரு இடம். ஒரே நாடா ஓடும் எளிய டிசைன்ல ஒரு வரிக்கு ஒரு ஜக்கார்டு அட்டை. 240 ஹூக், 1,000 வரின்னு வைங்க: 2,40,000 கட்டம், 1,000 அட்டை. அட்டை குத்தி, வரிசையா கோத்து, தறி மேல ஏத்தின பிறகு ஒரு கட்டம் தப்புன்னு தெரிஞ்சா திரும்ப வர்ற தூரம் அதிகம்.

பிள்ளையார்பாளையம் பக்கம் நண்பர் ஒருத்தர் டிசைன் ரூம் வெச்சிருக்கார். மூணு பேர், மூணு விண்டோஸ் 10 மெஷின், ஒரு ஷேர்டு ஃபோல்டர். உள்ளே போனா "மயில் ஃபைனல்", "மயில் ஃபைனல் 2", "மயில் ஃபைனல் புதுசு". இதில் எதிலிருந்து அட்டை குத்தினாங்க? அது ஒருத்தர் ஞாபகத்தில் மட்டும் இருக்கும். மயிலோட கழுத்து உடைஞ்சு வந்தா தப்பு டிசைனிலயா, அட்டையிலயா, நெசவிலயான்னு பேச்சு வரும். காட்ட எதுவும் இல்லாதவர் நெசவாளிதான். கூலியில் பிடிப்பு அவருக்குத்தான். என்னைப் பொறுத்தவரை வெர்ஷன் கன்ட்ரோல் இங்கே தேவைப்படுறதே இதுக்காகத்தான்.

இப்போ யாரைக் கேட்டாலும் கிட் போடுன்னு சொல்வாங்க. 2005ல் லினக்ஸ் கர்னலுக்காகப் பிறந்தது. நிரல் எழுதுறவங்களுக்கு அதுதான் சரி. ரெண்டு பேர் ஒரே ஃபைலைத் திருத்தினா வரி வரியா சேர்த்துக்கலாம். படத்தை அப்படிச் சேர்க்க முடியாது. ஒருத்தர் மயிலைத் திருத்த, இன்னொருத்தர் அதே ஃபைல்ல ருத்ராட்சக் கரையைத் திருத்தினா, ஒருத்தர் வேலை வீண். படத்துக்கு வேணும்கிறது பூட்டு. கிட்டிலும் எல்எஃப்எஸ் சேர்த்தா பூட்டு கிடைக்கும், ஆனா ஏற்பாடு அதிகம். 2004ல் முதல் பதிப்பு வந்த சப்வெர்ஷன்ல பூட்டு உள்ளேயே இருக்கு. இன்னொரு வசதி, ரிவிஷன் எண். கிட் தர்றது நாற்பது எழுத்துச் சரம். சப்வெர்ஷன் தர்றது 147 மாதிரி சாதாரண எண். அதைப் பேனாவால் முதல் அட்டையின் ஓரத்தில் எழுதலாம். எனக்கு இது போதுமான காரணம்.

இனி அமைக்கிறது. சர்வர்னு தனி மெஷின் வாங்க வேண்டாம். எப்பவும் ஓடுற டெஸ்க்டாப் ஒண்ணு போதும். டார்ட்டாய்ஸ்எஸ்விஎன் நிறுவும்போது "கமாண்ட் லைன் கிளையண்ட் டூல்ஸ்" என்கிற பகுதியையும் தேர்வு செய்யணும். அது தானா தேர்வாகியிருக்காது. அதோடுதான் எஸ்விஎன்சர்வ் வரும். பிறகு எஸ்விஎன்அட்மின் கிரியேட் கட்டளையால் டி டிரைவில் ஒரு ரெப்பாசிட்டரி. இதை ஷேர்டு ஃபோல்டருக்குள்ளே வைக்காதீங்க. யார் வேணும்னாலும் உள்ளே கை வெச்சு அழிக்க முடிஞ்சா, வரலாறு வெச்சு என்ன பயன்?

அதன் கான்ஃப் ஃபோல்டரில் எஸ்விஎன்சர்வ் அமைப்பு ஃபைல் இருக்கும். பெயரில்லாதவருக்கு அனுமதி "நன்", பெயருள்ளவருக்கு "ரைட்", பாஸ்வேர்டு பட்டியல் எந்த ஃபைல்னு ஒரு வரி. மூணும் கமெண்ட் குறியோட இருக்கும், குறியை எடுக்கணும். மூணு பேருக்கும் மூணு பெயர் போடுங்க, பொதுப் பெயர் வேண்டாம். பாஸ்வேர்டு அந்த ஃபைல்ல அப்படியே எழுத்தா இருக்கும், வயரிலும் மறையாக்கம் கிடையாது. அதனால ரூமுக்குள்ளே மட்டும். இணையத்துக்குத் திறக்கவே கூடாது.

யாரும் லாகின் பண்ணாமலே ஓடணும்னா விண்டோஸ் சர்வீஸா பதியணும். எஸ்ஸி கிரியேட் கட்டளையில் பின்பாத், சமக்குறி, அதுக்குப் பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளி இல்லாட்டி ஏற்காது. பவர்ஷெல்லில் எஸ்ஸி என்பது வேறொரு கட்டளையின் சுருக்கம். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினா திறந்து அடிங்க. ஃபயர்வாலில் 3690 போர்ட், உள் நெட்வொர்க்குக்கு மட்டும். ரவுட்டரில் இந்த மெஷினுக்கு மாறாத ஐபி. முக்கியமா ஸ்லீப்பை அணைச்சுடுங்க. தூங்குற மெஷின் சர்வர் ஆகாது.

பூட்டுக்கு, மேல் ஃபோல்டரில் ஆட்டோ-ப்ராப்ஸ் வெச்சு எல்லா பிஎம்பிக்கும் நீட்ஸ்-லாக் போடணும். இது 1.8 பதிப்பிலிருந்து உண்டு. போட்ட பிறகு சேர்க்கிற பிஎம்பி எல்லாம் படிக்க மட்டும் திறக்கும். திருத்தணும்னா "கெட் லாக்" சொடுக்கணும். வேற யாராவது வெச்சிருந்தா பெயரோட சொல்லும். பூட்டைப் போட்டுட்டு ஊருக்குப் போயிட்டா? உடைக்க வழி இருக்கு, ஆனா முதல்ல ஒரு போன் போட்டுக் கேக்குறதுதான் மரியாதை.

பிஎம்பியை ஜேபெக் ஆக்கி வைக்காதீங்க. ஜேபெக் நிறத்தைக் கலக்கும். இங்கே ஒவ்வொரு நிறமும் ஒரு நெசவு. இடமும் பிரச்சினை இல்லை: 240க்கு 1,000 டிசைன் 256 நிறத்தில் சுமார் 240 கேபிதான், அதுலயும் முந்தைய ரிவிஷனோட வித்தியாசத்தை மட்டும் சுருக்கி வைக்கும்.

கமிட் குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம், டார்ட்டாய்ஸில் சரியாத் தெரியும். கமாண்ட் ப்ராம்ப்டில் தெரியாது, விட்டுடுங்க. "கழுத்து ரெண்டு வரி ஏத்தினது, 240 ஹூக், அட்டை குத்தியாச்சு" மாதிரி ஒரு வரி போதும். அந்த ரிவிஷன் எண் அட்டையிலும், பாவோட நெசவாளிக்குப் போற சீட்டிலும். நகல் அவர் கையிலும் இருக்கணும்னு நண்பரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் ஒத்துக்கிட்டார்.

வாரம் ஒருமுறை எஸ்விஎன்அட்மின் ஹாட்காப்பி, வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு. யாராவது வேலை பார்த்துட்டு இருந்தாலும் எடுக்கலாம். எடுத்த நகலில் எஸ்விஎன்அட்மின் வெரிஃபை ஓட்டி, கடைசி ரிவிஷன் எண் வரைக்கும் சரியா வருதான்னு பார்த்துட்டு டிஸ்க்கைக் கழட்டி வேற வீட்டில் வையுங்க.