முதலில் காற்றை இறக்குங்கள்

2007 ஏப்ரல் 21 அன்று சிலி நாட்டின் ஓஹோஸ் டெல் சலாடோ எரிமலையில் 6,688 மீட்டர் உயரம் வரை ஒரு சின்ன ஜீப் ஏறியது. அதுவரை நான்கு சக்கர வாகனம் எதுவும் அவ்வளவு உயரம் போனதில்லை. ஓட்டிச் சென்றவர்கள் கொன்சாலோ பிராவோ, எடுவார்டோ கனாலெஸ் என்ற இரு சிலிக்காரர்கள். வண்டி, 1986ஆம் ஆண்டின் சுசுகி சாமுராய். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லாத உயரம் என்பதால் எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் பொருத்தியிருந்தார்கள். இன்னும் பல மாற்றங்களும் செய்திருந்தார்கள். ஆனாலும் அடிப்படையில் அது, நம் நாட்டில் 'ஜிப்சி' என்ற பெயரில் ஓடும் அதே குடும்பத்து வண்டிதான்.

சுசுகியின் இந்தச் சிறு ஜீப் வம்சம் ஜப்பானில் 1970இல் தொடங்கியது. 1985 இறுதியில் மாருதி இதை ஜிப்சியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. முதலில் 970 சிசி எஞ்சின், 1996இல் 1.3 லிட்டர் 'கிங்', 2000இல் 80 குதிரைத்திறன் கொண்ட 16 வால்வ் எஞ்சின் என்று வளர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி உற்பத்தி நின்றது. ராணுவமும் போலீசும் காட்டுச் சுற்றுலாக்காரர்களும் நம்பிய வண்டி. இன்று பழைய ஜிப்சியைத் தேடிப் பிடித்து வாங்கும் இளைஞர்கள் பலருக்கு ஒரே கனவு: சேறு, மணல், பாறை, ஆற்றுப்படுகை.

கனவு கைக்கு வந்ததும் முதல் செலவு எங்கே போகிறது? பெரும்பாலும் வண்டியைத் தூக்கி நிறுத்துவதற்கும், முன்னால் கனத்த இரும்பு பம்பர் வைப்பதற்கும். படத்தில் பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் கையில் காசு குறைவாக இருந்தால், இயற்பியல் சொல்லும் வரிசை நேர் எதிரானது. செலவைத் தரையிலிருந்து தொடங்க வேண்டும்.

டயர் தரையைத் தொடும் இடம்

வாகனத்துக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை ஒரு தனி அறிவியலாக வளர்த்தவர் போலந்தில் பிறந்த பொறியாளர் எம்.ஜி. பெக்கர். 1956இல் அவர் எழுதிய நூல் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது. நிலவில் ஓடிய அப்பல்லோ ஊர்தியின் வடிவமைப்பிலும் அவருடைய ஆய்வுக்குப் பங்குண்டு. அவர் கேட்ட கேள்விகள் எளிமையானவை: இந்த மண் எவ்வளவு அழுத்தம் தாங்கும்? சக்கரம் பின்னுக்குத் தள்ளும்போது எவ்வளவு விசை வரை சரியாமல் நிற்கும்?

ஜிப்சியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ என்றால் ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ. டயரில் 30 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்க அது தரையைத் தொட வேண்டிய பரப்பு சுமார் 140 சதுர செ.மீ. காற்றை 15 பிஎஸ்ஐ ஆக இறக்கினால் பரப்பு ஏறத்தாழ இரு மடங்கு. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மையில் இரு மடங்குக்குச் சற்றுக் குறையும். ஆனால் போக்கு இதுதான்.

இந்தக் கூடுதல் பரப்பு அகலத்தில் வருவதைவிட நீளத்தில்தான் அதிகம் வருகிறது. அங்கேதான் லாபம். மணலில் புதைந்த சக்கரம் ஒவ்வொரு கணமும் தன் முன்னால் உள்ள ஒரு சிறு மேட்டில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். பரப்பு கூடிப் புதைவு குறைந்தால் மேடும் குறையும். பாறையில் வேறு விதமாக உதவுகிறது: தளர்ந்த டயர் கல்லின் மேடுபள்ளத்தின் மேல் படிந்து பிடித்துக்கொள்கிறது.

இதற்குத் தேவை அழுத்தம் பார்க்க ஒரு கேஜ், திரும்பக் காற்றடிக்க பேட்டரியில் ஓடும் ஒரு சிறு கம்ப்ரசர். அவ்வளவுதான். ஆனால் சாதாரண ரிம்மில் 12 பிஎஸ்ஐ-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். காற்று குறைந்த டயரோடு தார்ச்சாலையில் வேகம் எடுக்கவே கூடாது. பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும்.

பெரிய டயர் கேட்கும் விலை

பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும், அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. கல்லில் முதலில் இடிப்பது அதுதான். அதை உயர்த்தப் பெரிய டயர்தான் நடைமுறை வழி. அதிலும் டயரின் விட்டம் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும்.

ஜிப்சி கிங்கின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ. அதை 235/75 ஆர்15 ஆக மாற்றினால் விட்டம் 733 மி.மீ. டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கும் கூடுதல் இடைவெளி 3 செ.மீ.க்குச் சற்று மேல். இதற்குக் கொடுக்கும் விலை: தரையில் கிடைக்கும் உந்துவிசை 9 சதவீதம் குறையும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66இல் போய்க்கொண்டிருக்கும். பிரேக்குக்கும் அதே அளவு வேலை கூடும்.

இழந்த விசையை எங்கே மீட்பது? ஜிப்சியில் கியர்பாக்ஸ் தனி, டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி. நான்கு சக்கர ஓட்டத்தின் 'லோ' கியர் உள்ளே இருப்பது இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில். 1.3 லிட்டர் வண்டியில் லோ விகிதம் 2.268. முதல் கியர், லோ, அச்சு மூன்றையும் பெருக்கினால் சுமார் 32. அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடும்போது வண்டி மணிக்கு 4 கி.மீ. வேகத்தில், நடப்பதைவிட மெதுவாக ஊரும்.

இதே வம்சத்தின் பழைய 970 சிசி எஸ்ஜே410 வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ விகிதம் 2.511. வித்தியாசம் 11 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. பெரிய டயரால் போனதை ஏறக்குறைய அப்படியே ஈடுகட்டும் அளவு! இதனால்தான் உலகெங்கும் இந்த வண்டியின் பிரியர்கள் பழைய எஸ்ஜே410-இன் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தேடி அலைகிறார்கள். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகளின் அருமை இங்கேதான் தெரியும். பற்கள் தேய்ந்திருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்று விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு பார்த்து வாங்க வேண்டும்.

அந்தரத்தில் சுற்றும் சக்கரம்

'நான்கு சக்கர ஓட்டம்' என்ற பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். சாதாரண டிஃபரன்ஷியல் இடது, வலது சக்கரங்களுக்கு எப்போதும் சமமான முறுக்குவிசையை மட்டுமே கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுற்ற விசையே தேவையில்லை. எனவே தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்காது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூலைக்கு மூலை இரு சக்கரங்கள் எழும்பினால் வண்டி அப்படியே நின்றுவிடும்.

இதற்கு முழுத் தீர்வு டிஃபரன்ஷியல் லாக்கர், விலை அதிகம். செலவில்லாத வழியாகப் பலர் சொல்வது, கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே பிரேக்கை லேசாக அழுத்துவது. வீணாய்ச் சுற்றும் சக்கரத்துக்கு ஒரு தடை கிடைக்கும். அதே அளவு விசை மறு சக்கரத்துக்கும் போகும்; ஆனால் அந்தச் சக்கரத்தையும் பிரேக் பிடிப்பதால் பலன் குறைவு. 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி, சுற்றும் சக்கரத்தை மட்டும் தேர்ந்து பிரேக் பிடித்து இந்த வேலையை மின்னணு முறையில் செய்கிறது.

டிஃபரன்ஷியல் பற்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்று ஒரு மலிவு யோசனை வரும். கேட்காதீர்கள். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடியாக வேண்டும். அதற்கு வழியில்லாமல் போனால் டயர் தேயும், ஸ்டீயரிங் மல்லுக்கட்டும், அச்சுத்தண்டு முறியும்.

இந்த வழிகளையெல்லாம்விடப் பயனுள்ளது, சக்கரம் எழும்பாமலே பார்த்துக்கொள்வது. ஜிப்சியின் நான்கு சக்கரத்திலும் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டைகள். துருப்பிடித்த பட்டைகள் ஒன்றோடொன்று உரசி இறுகிக்கொள்ளும். பாரம் ஏற்றுவதற்காக முந்தைய உரிமையாளர் கூடுதலாக ஒரு பட்டை செருகியிருக்கவும் கூடும். நெடுஞ்சாலையோரம் லாரிகளுக்குப் பட்டை கட்டும் பட்டறையில் கழற்றித் துரு நீக்கி, கிரீஸ் தடவி, புது புஷ் போட்டாலே சக்கரம் பள்ளத்துக்குள் நன்றாக இறங்கி மண்ணைத் தொடும்.

உயர்த்தினால் என்ன ஆகும்?

ஜிப்சியில் பட்டை அச்சுக்குக் கீழே இருக்கும். அதை அச்சுக்கு மேலே மாற்றி வெல்டிங் வைத்தால் வண்டி ஒரேயடியாக 10 செ.மீ.க்கு மேல் உயரும். பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், அடிவயிறு இடிக்காது. மலிவும்கூட. ஆனால் பிரேக் குழாயின் நீளம், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம், ஸ்டீயரிங் தண்டின் கோணம் என்று ஒவ்வொன்றும் மாறும். அவற்றைச் சரிசெய்யாமல் விட்டால் குண்டு குழியில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

கவிழ்வது இன்னும் பெரிய கவலை. ஜிப்சியின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.3 மீட்டர்தான். எடை மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், பக்கவாட்டில் 45 டிகிரி சாயும்வரை நிற்கும். எடை மையம் 10 செ.மீ. உயர்ந்தால் அது 41 டிகிரி. சாலைத் திருப்பத்தில் கவிழ்க்கத் தேவையான விசையும் 13 சதவீதம் குறைந்துவிடும். கூரையில் கேரியர் வைத்துச் சாமான் ஏற்றினால் கணக்கு இன்னும் மோசமாகும்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. 1988இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் சாமுராய் எளிதில் கவிழ்வதாகச் சொல்லி, 'ஏற்கத்தக்கதல்ல' என்று மதிப்பிட்டது. சோதனை முறை தவறு என்று சுசுகி 1996இல் வழக்குப் போட்டது. 2004இல் சமரசம் ஆனது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும், கம்பெனி உயரத்திலேயே இவ்வளவு விவாதம் எழுந்த வண்டி இது.

கனத்த இரும்பு பம்பரும் இதே கணக்கில்தான் சேரும். துணிக்கூரை ஜிப்சியின் எடை ஆயிரம் கிலோவுக்கும் கீழே. கனத்த ஜீப்புகள் புதையும் இடத்தில் இது தப்பிப்பதற்கு அதுதான் காரணம். அதன் மேல் இரும்பை ஏற்றினால், காசு கொடுத்து அந்த பலத்தை விற்றதாக ஆகும்.

தண்ணீரில் இறங்கும் முன்

ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சூடான பாத்திரத்தின் மூடி ஆறியதும் இறுகிக்கொள்வதுபோல உள்ளே ஒரு இழுவை உண்டாகி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த முறை திறந்தால் ஆயில் பால் நிறத்தில் இருக்கும். பேரிங்குக்கு அது எமன். அச்சின் மேல் உள்ள சிறு மூச்சுத்துளையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் அறையின் உச்சிவரை கொண்டுபோனால் போதும். சில நூறு ரூபாயில் முடியும் வேலை.

எஞ்சின் காற்றிழுக்கும் வாய் மூழ்கும் ஆழத்துக்கு மட்டும் இறங்கவே கூடாது. காற்றைப்போலத் தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சிக்கிய வண்டியை இழுக்க சேஸிஸோடு உறுதியாகப் பிணைந்த கொக்கியும், விசை அளவு குறிக்கப்பட்ட நல்ல கயிறும் வேண்டும். சங்கிலியோ பழைய கம்பிக்கயிறோ அறுந்தால் உயிரையே எடுக்கும். இழுக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். முன்பக்க இரும்பு பம்பர்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே எழுதிவிட்டது. எனவே உயர்த்திய வண்டி தனியார் திடலுக்கும் போட்டிக்கும் மட்டும்தான். அங்கே லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது எந்த வண்டியானாலும் குற்றம்.

வரிசை இதுதான்: பிரேக், ஸ்டீயரிங், பட்டை, சீல் ஆகியவற்றைப் புதுப்பியுங்கள். கம்பெனி சொன்ன அளவிலேயே கரடுமுரடான பாதைக்கான நல்ல டயர் போடுங்கள். கேஜும் கம்ப்ரசரும் வாங்குங்கள். அச்சின் மூச்சுக்குழாயை உயர்த்துங்கள். நல்ல கயிறு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இவை எதற்கும் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. சராசரி ஓட்டுநர் போகத் துணியும் பெரும்பாலான பாதைகளுக்கு இவையே போதும். பெரிய டயரும் வெல்டிங்கும், இவற்றின் எல்லையை ஓட்டிப் பார்த்து உணர்ந்த பிறகு யோசிக்க வேண்டியவை.