நடவு வயலில் வர்ற குமிழி

குறுவை நட்டு ஒரு மாசம் ஆன வயல்ல இறங்கி நாலு எட்டு நடந்து பாருங்க. காலைத் தூக்கி வைக்கும்போது சேத்துல இருந்து குமிழி குமிழியா வருதா? ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்க. வேர் கறுத்துப் போய், அழுகின முட்டை வாடை அடிக்குதா? இரண்டும் இருந்தால் அந்த வயலில் மீத்தேன் உற்பத்தி நன்றாகவே நடக்கிறது என்று பொருள். சாண எரிவாயுக் கலனில் இருந்து அடுப்புக்கு வருகிற அதே வாயுதான். அங்கே அது சோறு பொங்குகிறது. வயலில் அது வீணாக வானத்துக்குப் போகிறது.

இது யூரியா போடுறவங்களுக்கான சேதி என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நமக்கான சேதிதான்.

யூரியாவை விட்டதால் நாம் செய்திருக்கிற நன்மை சின்னதல்ல. யூரியா தயாரிக்கவே இயற்கை எரிவாயு வேண்டும். போட்ட யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அந்தப் பாவத்தில் நமக்குப் பங்கு குறைவு. ஆனால் மீத்தேன் கதை வேறு. அது இயற்கை விவசாயி வயலா, ரசாயன விவசாயி வயலா என்று பார்ப்பதில்லை. தேங்கின தண்ணியும் மட்காத தழையும் சாணமும் எங்கே சேருதோ அங்கே அது பிறக்கும். சொல்லப்போனால் பச்சைச் சாணத்தையும் தழையையும் அதிகமாகப் போடுவது நாம்தான்.

மண்ணுக்கடியில் இருக்கும் மீத்தேனை எடுக்க வந்தபோது டெல்டாவே எழுந்து நின்றது. நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் மறைந்தபோதும் அந்தப் போராட்டத்துக்கான பயணத்தில்தான் இருந்தார். மேல்மண்ணில் நாமே உண்டாக்குகிற மீத்தேனைப் பற்றி நமக்குள் அவ்வளவாகப் பேசிக்கொண்டதில்லை. இப்போது பேசலாம்.

வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. இருக்கிற உயிர்வளியைச் சில நாளில் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு காற்றே தேவைப்படாத ஒரு கூட்டம் வேலையை எடுத்துக்கொள்கிறது. அவை தழையையும் சாணத்தையும் தின்று மீத்தேனை வெளியே விடுகின்றன. நாம் பார்க்கிற குமிழி அதில் கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழல் வழியாகவே சத்தமில்லாமல் மேலே போய்விடுகிறது. மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 27 மடங்கு சூடேற்றும். ஆனால் காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுதான் நிற்கும். அதனால் இன்றைக்குக் குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

எருவில் இருந்து ஆரம்பிப்போம். பன்னாட்டுக் காலநிலைக் குழுவான ஐபிசிசி நெல் வயலுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நடவுக்கு முந்தின 30 நாளுக்குள் வைக்கோலை உழுதுவிட்டால் வருகிற மீத்தேனை 1 என்று வைத்துக்கொண்டால், அதே வைக்கோலை 30 நாளுக்கும் முன்பே உழுதால் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நன்றாக மட்கிய உரம் என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. வெளியில் காற்றோட்டமாக மட்கவேண்டியதை மட்கவைத்து விட்டு வயலுக்குக் கொண்டுபோனால் அந்தக் கூட்டத்துக்குத் தீனி குறைகிறது, அவ்வளவுதான்.

குறுவை அறுத்து மெஷின் விட்டுப்போன தாளை அப்படியே மடக்கி உழுது, இருபது நாளில் தாளடி நடுகிறோமே, அதுதான் மோசமான இடம். இடைவெளி இல்லை என்பது உண்மைதான். வைக்கோலை மாட்டுக்கும், வாழைக்கோ காய்கறிக்கோ மூடாக்குக்கும் வெளியே எடுத்துவிட்டு, மட்கிய எருவாகத் திருப்பிக் கொடுப்பதே வழி. எரிப்பது வழியே அல்ல.

தக்கைப்பூண்டையும் சணப்பையும் விடச் சொல்லவில்லை. பூ எடுக்கும் பருவத்தில் ஈரத்தில் மடக்கி உழுதுவிட்டு, உடனே தண்ணீர் கட்டாமல் ஒரு வாரம் அந்த ஈரத்திலேயே மட்கவிடுங்கள். ரொம்ப நாள் விட்டாலும் தழைச்சத்து வீணாகும். ஜீவாமிர்தம், அமுதக்கரைசல் பற்றிக் கவலையே வேண்டாம். ஏக்கருக்கு 10 கிலோ சாணம் எந்த மூலைக்கு?

அடுத்தது தண்ணீர். நெல் தண்ணீரைத் தாங்கும் பயிர், தண்ணீரிலேயே கிடக்கவேண்டிய பயிர் அல்ல. ஒற்றை நாற்று நடவு செய்தவர்களுக்கு இது தெரியும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால், எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலைவிட மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. கோனோவீடர் ஓட்டுவது களைக்கு மட்டுமல்ல, சேற்றுக்குள் காற்றை விடுவதும் அதுதான்.

காய விடுவதில் பயம் இருந்தால் ஒரு அடி நீளத்துக்கு நாலு அங்குல பிளாஸ்டிக் குழாயை வெட்டி, கீழ்ப்பகுதியில் ஓட்டைகள் போட்டு, முக்கால் பங்கு மண்ணுக்குள் போகிறமாதிரி வயலில் இறக்குங்கள். உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிட வேண்டும். நட்டு 15 நாளுக்குப் பிறகு, குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு அரை அடி கீழே போனதும் இரண்டு அங்குலம் பாய்ச்சினால் போதும். குழாய் இல்லாவிட்டால் மயிரிழை வெடிப்புதான் அடையாளம். களிமண்ணில் வெடிப்பு விரல் போகிற அளவுக்கு விடக்கூடாது. விட்டா அடுத்துப் பாய்ச்சுற தண்ணி முழுக்க அதுலயே இறங்கிடும். கதிர் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து வந்த ஒரு வாரம் வரை மட்டும் காய விடாதீர்கள்.

இதை எல்லாப் பட்டத்திலும் செய்யலாம் என்று சொன்னால் அது ஏட்டுச் சுரைக்காய். ஐப்பசி கார்த்திகையில் சம்பா வயலைக் காய வைக்கிற சக்தி யாருக்கும் இல்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில் அடுத்த முறை எப்போது வருமோ என்று நிரப்பி வைக்கத்தான் தோன்றும். ஆழ்துளைக் கிணற்றுக் குறுவைதான் இதற்குச் சரியான இடம். மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரை நிறுத்த யாருக்கும் மனசு வருவதில்லை. நிலத்தடி நீர் இலவசமில்லையே.

மீத்தேனுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2023 ஒரு வருஷத்தை நினைத்துப் பாருங்க. பிப்ரவரி முதல் வாரம் அறுப்புக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்தது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தும் பிறகு தண்ணீர் போதாமல் பல ஊரில் குறுவை கருகியது. இரண்டுக்கும் தாங்கவேண்டியது வேர்தான். எப்போதும் தண்ணீரில் கிடக்கிற பயிரின் வேர் மேலாகவே நிற்கும். காய விட்ட வயலில் அது தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும், வெள்ளையாகவும் இருக்கும். கொஞ்சம் வறட்சி, கொஞ்சம் காற்று என்றால் சமாளிக்கும்.

இரண்டு இடத்தில் எச்சரிக்கை. வேதாரண்யம் பக்கம் மாதிரி உவர் ஏறின கடைமடையில் வயலைக் காய விட்டால் உப்பு மேலே வரும். அங்கே எரு விஷயத்தை மட்டும் சரிசெய்யுங்கள், தண்ணீரில் கை வைக்கவேண்டாம். அடுத்தது, மேல் வயல் வழியாகத்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர் போகிற இடம். அங்கே நீங்கள் மட்டும் காய வைக்க முடியாது. மேல் வயல்காரரையும் கீழ் வயல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் காட்டிப் பேசுங்க. மீத்தேன் என்று ஆரம்பித்தால் யாரும் கேட்கமாட்டாங்க. கறுத்த வேரைக் காட்டினா கேப்பாங்க.