எழுதுமுன் வகுத்தல்

"குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதுக" என்னும் தேர்வு வினாவை அறியாத மாணவர் நம்மிடையே இலர். முன்னுரை முதல் முடிவுரை வரை குறிப்புகளை வினாத்தாளே தந்துவிடும். அவற்றை நிரப்புவதே மாணவர் வேலை. இவ்வாறு பல்லாண்டு பழகியவர் இறையியற் கல்லூரியில் பிரசங்கமோ ஆய்வுக் கட்டுரையோ எழுத அமரும்போது முதல் வாக்கியத்திலேயே திகைக்கிறார். சோம்பலன்று காரணம். குறிப்புகளைத் தாமே உண்டாக்கும் பயிற்சியை அவர் பெற்றதில்லை.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். பவணந்தியாரின் நன்னூல், இலக்கணத்தைத் தொடங்குமுன் பாயிரத்தில் நூல் செய்யும் முறையைப் பேசுகிறது. நூலாக்கத்தைப் பஞ்சினின்று இழை நூற்பதற்கு ஒப்பிட்டு, மதியைக் கதிராக வைக்கிறது. அது விலக்கும் பத்துக் குற்றங்களுள் கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் வகுக்காமல் எழுதுவதன் விளைவுகளே. (மூன்றாவதைப் பற்றி நம் சபையாரைக் கேட்டால் போதும்!) இந்நூலுக்குத் திருநெல்வேலிச் சங்கர நமச்சிவாயர் விருத்தியுரை கண்டது, நம் வட்டாரத்து ஊற்றுமலைத் தலைவர் மருதப்பரின் வேண்டுகோளால் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

கடையநல்லூர் கைத்தறிக்குப் பேர்பெற்ற ஊர். பாவின் நீளத்தையும் இழைகளின் எண்ணிக்கையையும் முடிவு செய்த பின்னரே நெசவாளர் தறியில் அமர்வர். ஊடை ஓடத் தொடங்கியபின் பாவை மாற்றுதல் அரிது. எழுத்தை மாற்றலாம் என்பது உண்மையே. ஆனால் பத்துப் பக்கம் எழுதிய மாணவர் ஐந்தைக் கிழிக்க மனங்கொள்ளார். ஆதலின் ஆசிரியர் கட்டுரைக்கு முன்னரே ஒரு தாளைக் கேட்டுப் பெறுவது நலம். அதன் தலையில் ஒரே வாக்கியம் இருக்கவேண்டும். 'நல்ல சமாரியன்' என்பது தலைப்பேயன்றிக் கருத்தன்று. 'பிறன் யார் என்று கேட்டவனிடம், பிறனாய் நடந்தவன் யார் என்று இயேசு திருப்பிக் கேட்கிறார்' என்பது கருத்து. இதனை எழுதியபின், எரிகோ சாலையின் வருணனை எவ்வளவு வேண்டும், லேவியரின் பணிமுறை வேண்டுமா என்பவை தாமே தெளிவாகும். எஞ்சிய செய்திகளை வரிசையிட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு ஏன் செல்கிறோம் என்பதை இடையே ஒரு சொற்றொடரில் குறிக்கச் செய்யலாம். பலருக்கு இடர் இங்கேதான்.

எழுதிப் பார்த்தே சிந்திக்க வல்ல மாணவரும் உளர். அவரைத் தடுத்தல் தகாது. மனம்போல் எழுதவிட்டு, எழுதியதிலிருந்து அவ்வொரு வாக்கியத்தை எடுத்து வரச்சொல்லி, அதன்பின் புதிதாய் வகுக்கச் செய்யவேண்டும். வகுத்த தாளைக் கட்டுரை எழுதுமுன்னரே திருத்தித் தருவதும், அதற்கும் மதிப்பெண் அளிப்பதும் ஆசிரியர் கடன்.