பழைய கியர் சைக்கிளை சிங்கிள் ஸ்பீடாக மாற்றலாமா? ‘ஃபிக்ஸி’ ஆசைக்கு முன் இதைப் படிங்க

கொரட்டூர் அடுக்குமாடிகளின் படிக்கட்டுக்குக் கீழே எட்டிப் பாருங்கள். டயரில் காற்று இறங்கி, தூசி படிந்து ஒரு கியர் சைக்கிளாவது நிற்கும். ‘21 கியர்’ என்று பெருமையாக வாங்கியது. கேபிள் துருப்பிடித்து, செயின் அடிக்கடி கழன்று, கடைசியில் ஓரங்கட்டியாச்சு.

காயலான் கடைக்குப் போடும் முன் ஒரு யோசனை. கியரைக் கழற்றிவிட்டு சிங்கிள் ஸ்பீடாக்கலாம். இந்த ஏரியாவுக்கு இது புதுசும் இல்லை. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், பக்கத்து அம்பத்தூரில்தான் ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைத் தயாரித்தது. டிபன் பாக்ஸோடு எஸ்டேட் வேலைக்குப் போனவர்கள் மிதித்ததெல்லாம் கியர் இல்லாத வண்டிதான். பாடி மேம்பாலத்தையும் சுரங்கப்பாதையையும் விட்டால் இங்கே ஏற்றம் ஏது?

என்ன மாற்றணும்?

பின்னால் இருக்கும் பல்சக்கர அடுக்கைக் கழற்றிவிட்டு, சாதா சைக்கிளின் 18 பல் ஃப்ரீவீலை மாட்ட வேண்டும். திருகு வகை ஹப் என்றால் பெரும்பாலும் அதே மரைதான். சாதா ஃப்ரீவீலின் பல் தடிமன் என்பதால் கியர் செயின் உட்காராது, செயினையும் மாற்றணும். முன்னால் 38 பல், 26 இன்ச் சக்கரம் என்றால் ஒரு மிதிக்கு சுமார் 4.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 80 மிதி மிதித்தால் மணிக்கு 21 கி.மீ. ஆபீஸ் போக தாராளம்.

பின்னாலிருந்து பார்த்தால் செயின் நேர்கோட்டில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் அச்சில் வாஷர் மாற்றி, சக்கரத்தைக் கோட்டம் எடுக்கணும். இதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது செயின் தளர்வு. பின் அச்சு உட்காரும் பிளவு கிடைமட்டமாக இருந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்கலாம். எம்.டி.பி. வண்டிகளில் அது பெரும்பாலும் செங்குத்து, இழுக்க முடியாது. செலவில்லாத வழி, பழைய டெரெயிலரையே ஒரே இடத்தில் நிறுத்தி செயினைப் பிடிக்க வைப்பது.

அப்போ ஃபிக்ஸி?

ஃபிக்ஸியில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்த முடியாது. பின்னோக்கி அழுத்தித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படி அழுத்தும்போது செயினின் கீழ்ப்பக்கம் இறுகும் என்பதால், டெரெயிலரை வைத்துச் சமாளிக்கும் வழி இங்கே எடுபடாது.

சிலர் ஃப்ரீவீலை வெல்டிங் வைத்து ‘ஃபிக்ஸி’ ஆக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பின்னோக்கி அழுத்தினால் அது ஹப்பிலிருந்தே கழன்று வரலாம். அசல் ஃபிக்ஸி ஹப்பில் அதைத் தடுக்க இடது மரை லாக்ரிங் இருக்கும். சாதா ஹப்பில் இல்லை. ஆசையை விட முடியாதவர்கள் பின்சக்கரத்தையே மாற்றுங்கள்.

எதுவானாலும் பிரேக்கைக் கழற்றாதீர்கள். டிராக்கில் பிரேக் இல்லாமல் ஓடும் கெய்ரின் பந்தயம் பிறந்த ஜப்பானில்கூட, சாலைக்கு வந்தால் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் கட்டாயம்.