திரை இருண்டால் முதலில் எங்கே பார்ப்பது?

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி கணக்கு. அதை எழுதுவோர் ஒருவர். அதற்கு உரியவர் வேறொருவர். எழுதப்படும்போதே உரியவரும் பார்க்க முடியுமானால் ஐயத்துக்கு இடமில்லை.

நாடெங்கிலும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2022 ஜூன் 29 அன்று ஏற்றது. பேரேட்டின் இடத்தில் கணினி அமர்ந்துவரும் காலம் இது. மேஜையில் மடிக்கணினி, அதனருகே ‘டாக்’ எனப்படும் இணைப்புப் பெட்டி, அதிலிருந்து தனியே ஒரு மானிட்டர் என்று அமைத்து, அந்த மானிட்டரை அங்கத்தினர் பக்கம் திருப்பி வைத்தால், தம் கடன் வரவு சரியாகப் பதிவாகிறதா என்று அவரே படித்துக்கொள்ளலாம்.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் வந்து குவியும் நாட்களில், விற்ற பணத்தோடு பயிர்க்கடன் கட்டவும் அடகு நகை மீட்கவும் அங்கத்தினர்கள் வருகின்றனர். அவ்வேளையில் அத்திரை இருண்டால் அவர்கள் கண்ணை மறைத்தது போலாகும். புது மானிட்டர் வாங்குவோம் என்று அவசரப்பட்டாலோ, செலவாவது அங்கத்தினர்களின் பணம்.

தறி நின்றுவிட்டால் நெசவாளர் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. நாடா சிக்கியதா, விழுது அறுந்ததா, அச்சில் இழை தப்பியதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். இங்கும் அம்முறையே ஏற்றது. படம் வரும் வழியைக் கிணற்றுப் பாசனம் போல எண்ணிக்கொள்வோம். மடிக்கணினி கிணறு, கேபிள் வாய்க்கால், டாக் மடை, மானிட்டர் வயல். வயல் காய்ந்தால் குற்றம் வயலினது என்று முடிவு கட்டலாகாது.

முதலாவது, மானிட்டர் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். விளக்கே எரியாவிட்டால் மின்சாரம் வரவில்லை. ‘நோ சிக்னல்’ என்று எழுத்துத் தோன்றினால் மானிட்டர் நலமாகவே உள்ளது. படந்தான் வந்து சேரவில்லை. அதன் பொத்தானை அழுத்தி, கேபிள் செருகிய வாயிலையே தேர்ந்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். கேபிள் ஒரு வாயிலிலும் தேர்வு மற்றொன்றிலும் இருப்பது அடிக்கடி நேர்வது.

இரண்டாவது, டாக்கை விலக்கிவிட்டு, மானிட்டரை மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. வாயிலில் நேராகச் செருக வேண்டும். படம் வந்தால் மானிட்டரும் அதன் கேபிளும் குற்றமற்றவை. பழுது டாக்கிலோ, அதை மடிக்கணினியோடு சேர்க்கும் கேபிளிலோ, அது செருகப்படும் வாயிலிலோ இருக்கிறது. வராவிட்டால் வேறு கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். எச்சோதனையிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்; இரண்டை மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது விளங்காது.

மூன்றாவது, டாக். மின்வெட்டின்போது மடிக்கணினி தன் பேட்டரியால் ஓடும். டாக்கும் மானிட்டரும் அணைந்துவிடும். மின்சாரம் மீண்டபின் டாக் சில வேளை விழிப்பதில்லை. அதன் மின்கம்பியையும் மற்றக் கேபிள்களையும் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டாக்குடன் வந்த ‘டைப்-சி’ கேபிளுக்குப் பதிலாகக் கைப்பேசிக் கேபிளைச் செருகலாகாது. அவற்றில் பல மின்சாரத்தைக் கடத்துமே அன்றிப் படத்தைக் கடத்தா. மடிக்கணினியின் டைப்-சி வாயில் யாவும் படம் தருவன அல்ல என்பதையும் கையேட்டில் பார்த்துத் தெளிதல் வேண்டும்.

நான்காவது, மென்பொருள். ‘விண்டோஸ்’ விசையை அழுத்தியபடியே ‘பி’ விசையைத் தட்டினால் நான்கு வழிகள் தோன்றும். ‘டூப்ளிகேட்’ இரு திரையிலும் ஒரே படத்தைக் காட்டும். ‘எக்ஸ்டெண்ட்’ இரண்டாம் திரையைத் தனியிடமாக்கும். நம் காரியத்துக்குப் பின்னதே ஏற்றது. ஒருவர் கணக்கைக் காட்டும்போது பிறர் கணக்கு வெளிப்படாது. ‘டிஸ்பிளேலிங்க்’ வகை டாக்குகளுக்குத் தனி டிரைவர் தேவை. கணினி புதுப்பிக்கப்பட்டபின் படம் நின்றால் அந்த டிரைவரை மீண்டும் நிறுவ வேண்டும்.

ஒரே டாக்கில் இரு மானிட்டர்கள் இருந்து, ஒன்று மட்டும் இருண்டாலோ மினுக்கினாலோ, அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். ஒரு வாய்க்கால் நீரை இரு வயல்கள் பகிர்வது போல, ஒரு கேபிளின் கொள்ளளவை இரு திரைகள் பகிர்கின்றன. படத்தின் நுண்மையைக் குறைத்து வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இச்சோதனைகளுக்குக் கருவி எதுவும் வேண்டா. இவற்றின் முடிவைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வைப்பது நன்று. புது மானிட்டர் வாங்கும் தீர்மானம் நிர்வாகக் குழுவின் முன் வரும்போது, ‘நேராகச் செருகிப் பார்த்தீர்களா?’ என்று கேட்க ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரிமை உண்டு. கேபிள் ஒன்றால் தீரும் குறைக்கு மானிட்டர் வாங்காமல் இருப்பதும், அங்கத்தினர் பக்கத் திரையை இருளவிடாமல் காப்பதும் நாம் சங்கத்துக்குச் செய்யும் தொண்டேயாகும்.