பேட்ச் கோப்பும் நிபந்தனையும்

ஆண்டிப்பட்டி அருகே 1959-ஆம் ஆண்டு முதல் நீரைத் தேக்கி நிற்கும் வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி; நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கையும் விடுக்கப்படுவதைத் தேனி மாவட்டத்தார் நன்கு அறிவர். இம்மூன்று நிபந்தனைகளையும் ஒரு கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்து, "நீர்மட்டம் 66 அடியோ அதற்கு மேலோ இருக்கிறதா?" என்பதையே முதலில் கேட்கச் செய்து, ஆம் எனில் முதல் எச்சரிக்கையோடு வேலையை முடித்துக்கொள்ளும்படி எழுதிவிட்டால், 69 அடி நீர் நிற்கும் நாளிலும் அது முதல் எச்சரிக்கையை மட்டுமே விடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். கேள்விகள் மூன்றும் சரியானவையே. அவற்றைக் கேட்ட வரிசைதான் விபரீதத்துக்குக் காரணம்.

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளிலும் சின்னமனூர் வாழைக்காய் மண்டிகளிலும் கணக்கு முழுவதும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்ட இக்காலத்தில், அன்றாட வரவு செலவைப் பென் டிரைவில் பிரதி எடுத்துவிட்டுப் பழையதை அழிப்பதற்கு, 'பேட்' என்று முடியும் 'பேட்ச் கோப்பு' ஒன்றைத் தெரிந்தவர் யாரேனும் எழுதிக் கொடுப்பதும், அதை மாலைதோறும் இருமுறை சொடுக்கிவிட்டுக் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படுவதும் சகஜம். அந்தக் கோப்பின் உள்ளே அணையின் அதே தவறு குடியிருக்கக்கூடும். பிரதி எடுக்கும் ரோபோகாப்பி என்னும் கட்டளை, வேலை முடிந்ததும் ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது: 1 என்றால் கோப்புகள் நலமாகப் போய்ச் சேர்ந்தன, 8 என்றால் சில கோப்புகள் சேரவில்லை, 16 என்றால் எதுவுமே சேரவில்லை. 'இஃப் எர்ரர்லெவல் 1' என்ற நிபந்தனையோ எண் 1-ஆக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 1 அல்லது அதற்கு மேலா என்றே பார்க்கிறது. ஆகவே, "1 எனில் வெற்றி, மூலக் கோப்புகளை அழி" என்று நம்பிக்கையோடு எழுதியவருடைய கோப்பு, 16 என்ற முழுத் தோல்வியையும் வெற்றியாகவே பாவித்து, பிரதியும் இல்லாமல் மூலமும் இல்லாமல் ஒரு வருஷக் கணக்கைத் துடைத்துவிடும். பெரிய எண்ணை, அதாவது 8-ஐ, முதலில் கேட்டு, அது உண்மையானால் அங்கேயே நிறுத்திவிடுவதே பரிகாரம்.

இதனினும் கொடிய அபாயம் கேள்வியே கேட்காமல் எழுதுவது. "பென் டிரைவுக்குப் போ; அங்குள்ள பழையவற்றையெல்லாம் கேட்காமல் அழி" என்று இரண்டு வரி எழுதியிருக்கிறது என்றும், அன்றைக்குப் பென் டிரைவைச் செருக மறந்துவிட்டார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் வரி தோற்றுப்போனாலும் பேட்ச் கோப்பு தானாக நிற்பதில்லை. அடுத்த வரிக்குச் சென்று, தான் நிற்கும் இடத்திலேயே, பெரும்பாலும் அந்தக் கோப்பு வைக்கப்பட்டுள்ள கணக்கு ஃபோல்டரிலேயே, அழிக்கத் தொடங்கும். அப்படி அழிந்தவை ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போவதில்லை. அழிக்கும் வரிக்கு முன்னால் 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்' என்று தொடங்கி, அந்த இடம் இல்லையேல் வெளியேறு என்று ஒரே ஒரு வரி சேர்ப்பது எத்தனை சிறிய பிரயாசை!

பிறர் அனுப்பும் கோப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் கடைசி எழுத்துகளை மறைத்துக் காட்டுவதால், 'பில்.பிடிஎஃப்.பேட்' என்பது வெறும் பில்லாகவே கண்ணுக்குத் தோன்றும். கோப்பின் முழுப் பெயரும் தெரியும்படி அமைப்பை மாற்றிக்கொள்வது ஒவ்வொரு கடைக்கும் அவசியம். சந்தேகம் தோன்றினால் சொடுக்காமல், வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'எடிட்' என்பதைத் தேர்ந்தால் உள்ளிருப்பது நோட்பேடில் விரியும். பொருள் விளங்காத நீண்ட எழுத்துக் குவியலோ, பவர்ஷெல் என்னும் விண்டோஸ் கருவியை அழைக்கும் வரியோ கண்ணில் பட்டால், விஷயம் தெரிந்தவர் பார்க்கும்வரை அதைத் தொடவேண்டாம்.

நஷ்டம் நேர்ந்துவிட்டால் சட்டம் கைவிடுவதில்லை. உரிமையாளரின் அனுமதியின்றி அவருடைய கம்ப்யூட்டரில் உள்ள தகவலை அழிப்பவர், தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவின்படி நஷ்டஈடு தரக் கடமைப்பட்டவர். அதையே வஞ்சக எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான நஷ்டஈட்டுக் கோரிக்கையை, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிக்கிறார். காசு வாங்கிக்கொண்டு கோப்பு எழுதிக் கொடுத்தவரின் அஜாக்கிரதையால் கணக்கு அழிந்ததென்றால், அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலேயே முறையிடலாம். ஆனால் வியாபார நோக்கத்துக்காகச் சேவை பெற்றவரை அச்சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை; சுயதொழிலால் ஜீவனம் நடத்துவோருக்கு அது தரும் விலக்கும் வாங்கிய பொருள்களைப் பற்றியே பேசுவதால், கடைக்காரர் இந்த வழியில் இறங்குமுன் விசாரித்துக்கொள்வது நலம்.

பணமும் பறிபோயிருந்தால் கணமும் தாமதியாமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைத்துவிட வேண்டும். கோபத்தில் அந்தப் பேட்ச் கோப்பை அழித்துவிடாதீர்கள். வெறும் எழுத்தாலான அதுவே முதல் சாட்சியமாதலால், அதன் பிரதியையும், அது வந்த வாட்ஸ்அப் செய்தியையும், கொடுத்த கூலிக்கான ரசீதையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.